கையுறையில் விழுந்த ஓட்டை

என் மேசை இழுப்பறையில் பழைய கோல்ஃப் கையுறைகள் 11 கிடக்கின்றன. எல்லாம் இடது கைக்கானவை, எல்லாம் ஒரே இடத்தில் கிழிந்தவை. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டி ஒரு சதைமேடு இருக்கிறதல்லவா, அந்த இடம். முதலில் தோல் பளபளக்கும். பிறகு கறுக்கும். ஆறேழு வாரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை விழுந்துவிடும். தோலின் தரம் சரியில்லை என்று நினைத்துக் கடையை மாற்றினேன், விலை கூடியதை வாங்கினேன். ஓட்டை இடம் மாறவே இல்லை.

அந்த ஓட்டையைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைச் சொன்னவர், என் மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் கேடி அண்ணன். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், வீடு அல்சூரில். 14 வயதில் மைதானத்துக்குள் வந்தவருக்கு இப்போது 60ஐத் தாண்டிவிட்டது. திங்கட்கிழமைகளில், யாரோ கொடுத்த பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு அவர் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அவசரமே இல்லாத வீச்சு. பந்து போகும் ஓசை மட்டும் என் பந்தின் ஓசையிலிருந்து வேறாக இருக்கும். இந்த ஊரில் அது புதிதும் அல்ல. பை சுமக்கும் பையனாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009ல் இந்தியன் ஓபனையே வென்றிருக்கிறார். பாடம் யாரிடம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் நாள் பிடித்தது.

நான் கோல்ஃபுக்கு வந்தது 2019ல், 49 வயதில். அதற்கு முன் கையில் இருந்தது கிரிக்கெட் மட்டை. கல்லூரி நாட்களில் சென்னையில் கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரனாக இறங்குவேன். அந்தக் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: மேல் கை மட்டையை ஆள வேண்டும், கீழ் கை சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வலக்கை ஆட்டக்காரனுக்கு மேல் கை இடது கை. நேராக ஓட்டும்போது அதன் புறங்கை பந்து போகும் திசையைப் பார்க்க வேண்டும், முழங்கை உயர வேண்டும், மணிக்கட்டு கடைசி வரை உருளக்கூடாது. மட்டையின் முகம் முழுதாகப் பந்துவீச்சாளருக்குத் தெரிய வேண்டும். ஆயிரக்கணக்கான முறை செய்து செய்து இது கைக்குள் இறங்கிவிட்டது. கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுத்ததும் கை தானாக அதே பிடியைப் பிடித்தது: இடது புறங்கை இலக்கைப் பார்த்தபடி, கட்டைவிரல் தண்டின் மேல் நடுவில், கைப்பிடி உள்ளங்கைக்குள் ஆழமாக. கீழே குனிந்து பார்த்தால் என் இடது கையில் ஒரே ஒரு விரல்முட்டிதான் தெரியும்.

பந்து வலப்பக்கம் போயிற்று. நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது. இதை ஸ்லைஸ் என்கிறார்கள். இடப்பக்கம் பார்த்து நின்று அடித்தேன். இன்னும் அதிகமாக வளைந்தது. இதற்குக் காரணம் எளிது, ஆனால் அன்று தெரியாது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் பார்க்கும் திசை. எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை பயணிக்கும் திசைக்கும் உள்ள வேறுபாடு. நான் இடப்பக்கம் பார்த்து நிற்க நிற்க மட்டை இன்னும் இடப்பக்கமாக வெட்டிப் போயிற்று. முகமோ வலப்பக்கம் திறந்தே இருந்தது. வேறுபாடு கூடியது, வளைவும் கூடியது. பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய 2000ல் ஒரு பங்கு நேரம். அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது. முகம் முன்பே சரியான இடத்துக்கு வந்துகொண்டிருக்க வேண்டும்.

2020 ஊரடங்கில் மைதானம் மூடிக் கிடந்தபோது, செல்போனில் சாம்பியன்களின் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மட்டை உச்சியில் இருக்கும் கணத்தில் டஸ்டின் ஜான்சனின் இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வில்லாக வளைந்திருக்கிறது. ஜான் ராமுக்கும் காலின் மோரிகாவாவுக்கும் அப்படித்தான். என் மணிக்கட்டோ எதிர்ப்பக்கம், புறங்கைப் பக்கமாகக் குழிந்திருந்தது. ஆகவே குற்றம் மணிக்கட்டில்தான் என்று முடிவு கட்டினேன். மைதானம் திறந்த பிறகு ஒரு பயிற்சியாளரும் அதையே சொன்னார்: "மணிக்கட்டைத் தட்டையாக வையுங்கள், மற்றதெல்லாம் தானே சரியாகும்." பீரோ கண்ணாடி முன்னால் நின்று எட்டு மாதம் அதையே பழகினேன். கண்ணாடியில் அழகாக வந்தது. பந்து வைத்து வேகமாக வீசினால் மணிக்கட்டு கீழே வரும் வழியில் பழையபடி மடங்கிக்கொண்டது. போதாக்குறைக்கு இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு வலி குடியேறியது. காலையில் பால் பாக்கெட்டைத் தூக்கினால்கூடச் சுருக்கென்றது.

2022 அக்டோபரில் பெங்களூரில் விடாத மழை. ஒரு சனிக்கிழமை ஏழாவது குழிக்குப் பக்கத்தில் இருக்கும் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றோம். ஈரக் கையுறையைக் கழற்றிப் பிழிந்தேன். அண்ணன் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். விரலை அந்த ஓட்டைக்குள் விட்டு, "சார், இந்த இடத்தில் ஏன் தேய்கிறது?" என்று கேட்டார். வியர்வை என்றேன். "வியர்வை என்றால் எல்லா இடத்திலும் தேய வேண்டும். மட்டை இந்த இடத்தில் வழுக்குகிறது. அங்கே பிடிக்க எதுவுமே இல்லை சார், வெறும் சதை. விரல்தான் பிடிக்கும், சதை பிடிக்காது."

என் குடையை மடக்கி வாங்கிக்கொண்டார். "இடது கையைத் தொங்கவிடுங்கள். ஒன்றும் செய்யாதீர்கள், சும்மா தொங்கட்டும்" என்றார். தொங்கவிட்டேன். "இப்போது குனிந்து பாருங்கள். எத்தனை முட்டி தெரிகிறது?" எண்ணினேன். இரண்டு முழுதாக, மூன்றாவது பாதி. என் புறங்கை முன்னால் பார்க்கவில்லை, சற்று உள்ளே திரும்பி, பாதி வெளிப்பக்கமும் பாதி முன்பக்கமுமாக நின்றது. "கைக்கு இதுதான் வீடு. வீசும்போது எங்கே போனாலும், வேகம் கூடும்போது கை இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வரும். நீங்கள் கையைத் திருப்பிவைத்து மட்டையைப் பிடிக்கிறீர்கள். கை வீடு திரும்பும்போது மட்டையையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது." சொல்லிவிட்டு, தொங்கிய கையை அசைக்காமல், குடையின் தண்டைக் கொண்டுவந்து என் விரல்களில் வைத்தார். கையை மட்டையிடம் கொண்டுபோகாமல், மட்டையைக் கையிடம் கொண்டுவந்தார். குடைத்தண்டு ஆள்காட்டி விரலின் நடு மடிப்பிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சாய்வாகக் கிடந்தது. உள்ளங்கை மேடு அதன் மேல் வந்து அமர்ந்தது. "மூடுங்கள்" என்றார். மூடினேன்.

"இப்போது குடையைத் தூக்குங்கள், மணிக்கட்டால் மட்டும்."

குடை மேலே எழுந்த விதத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். எந்த முயற்சியும் இல்லாமல், பொம்மலாட்டக் கயிற்றில் கட்டியதுபோல் எழுந்தது. பழையபடி உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில், எட்டு மாதமாக இருந்த அந்த வலி லேசாகத் தலைகாட்டியது.

மழை விட்டதும் ஆட்டத்தைத் தொடரவில்லை. நேராக வீட்டுக்கு வந்து ஒரு பரிசோதனை செய்தேன். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். என் மகள் பள்ளியில் வைத்திருந்த 30 செ.மீ. மரஸ்கேல் ஒன்று வீட்டில் இருந்தது. இடது கையில் கைக்கடிகாரத்தை இறுக்கமாகக் கட்டி, ஸ்கேலை வாரின் அடியில் செருகினேன். பாதி முன்கையின் மேல், பாதி புறங்கையின் மேல். மணிக்கட்டு தட்டையாக இருந்தால் ஸ்கேல் புறங்கையை முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும். புறங்கைப் பக்கம் குழிந்தால் ஸ்கேலின் முனை சதையில் அழுந்தும். உள்ளங்கைப் பக்கம் வளைந்தால் ஸ்கேலுக்கும் கைக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் விரலை நுழைக்கலாம்.

முதலில் பழைய பிடி, ஒரு முட்டி மட்டும் தெரிய. 7-அயர்ன் மட்டையைத் தரையில் வைத்துப் பந்தைப் பார்ப்பதுபோல் நின்றேன். ஸ்கேல் தட்டையாகப் படிந்திருந்தது. பிறகு கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று மட்டையை உச்சிக்குக் கொண்டுபோனேன். ஸ்கேல் சுருக்கென்று அழுந்தியது. மட்டையின் நுனி செங்குத்தாகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. முகம் முழுதாகத் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு அண்ணன் காட்டிய பிடி, இரண்டரை முட்டி தெரிய. இந்த முறை மட்டை தரையில் இருக்கும்போதே ஸ்கேல் லேசாக அழுந்தியது. கையை அப்படி வைத்ததாலேயே மணிக்கட்டில் சிறிய குழிவு ஒன்று வந்துவிட்டது. மட்டையை உச்சிக்குக் கொண்டுபோனேன். ஸ்கேல் தரையில் அழுந்திய அதே அளவுக்கு அழுந்தியது, கூடவுமில்லை, குறையவுமில்லை. முகத்தைப் பார்த்தேன். அது என் முன்கைக்கு இணையாகச் சாய்ந்திருந்தது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாக நான் திருத்த முயன்ற குழிவு தவறே இல்லை. தவறு, அந்தக் குழிவுக்குப் பொருந்தாத பிடி.

மூன்றாவதாக ஒன்றையும் செய்தேன். புதிய பிடியை வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் சொன்னபடி உச்சியில் மணிக்கட்டைத் தட்டையாக்கினேன். ஸ்கேல் படிந்தது, ஆனால் மட்டையின் முகம் வானத்தைப் பார்த்தது. முழுக்க மூடிவிட்டது. அப்படியே வந்து அடித்தால் பந்து இடப்பக்கம் சுருண்டு ஓடும், அது ஹூக். ஆக, "மணிக்கட்டைத் தட்டையாக வை" என்கிற அறிவுரை ஒரு பிடிக்கு மருந்து, இன்னொரு பிடிக்கு நோய். பிடியைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

உடலின் கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. வலிக்காக இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்த்தபோது, மணிக்கட்டு நான்கு பக்கம் அசைவதை அவர் கோணமானியால் அளந்து காட்டினார். பாடப்புத்தகக் கணக்கில், புறங்கைப் பக்கம் சுமார் 70 பாகை மடங்கும், உள்ளங்கைப் பக்கம் சுமார் 80, சுண்டுவிரல் பக்கம் சுமார் 30. கட்டைவிரல் பக்கம் மட்டும் சுமார் 20 பாகைதான். எனக்கு அதுவும் 15தான் இருந்தது. என் பழைய பிடியில் மட்டையைத் தூக்கும் முழு வேலையும் அந்த 15 பாகையின் தலையில் விழுந்தது. இடது புறங்கை வலப்பக்கமாகத் திரும்பத் திரும்ப, தூக்கும் வேலையில் ஒரு பங்கு புறங்கைப் பக்க மடிப்புக்கு மாறுகிறது. அங்கே இடம் தாராளம். குடை ஏன் அவ்வளவு எளிதாக எழுந்தது என்பது அப்போது விளங்கிற்று. தச்சர் சுத்தியலைப் பிடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். சுத்தியல் ஒருபோதும் உள்ளங்கையின் குழிக்குள் கிடப்பதில்லை, விரல்களின் அடியில் சாய்வாகக் கிடக்கும். குழிக்குள் வைத்து ஆணி அடித்தால் தோள்தான் வலிக்கும், ஆணி இறங்காது.

இனி பென் ஹோகனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேஜர் எனப்படும் பெரும்போட்டிகளில் 9 பட்டங்களை வென்ற அமெரிக்கர். 1953ல் ஒரே வருடத்தில் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் எடுத்தவர். ஆனால் ஆரம்ப காலத்தில் அவரைப் படாத பாடு படுத்தியது ஹூக். பந்து இடப்பக்கம் பாய்ந்து அவருடைய ஆட்டங்களைக் கெடுத்தது. அவர் செய்தது இரண்டு காரியம். இடது கையை இலக்கின் பக்கமாகத் திருப்பி வைத்து, கட்டைவிரலைத் தண்டின் மேல் பக்கமாகக் கொண்டுவந்தார். அதோடு, உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகக் குழித்தார். இரண்டுமே முகத்தைத் திறக்கும் காரியங்கள். முகம் அவ்வளவு திறந்திருப்பதால், கீழே வரும்போது வலது கையின் முழு பலத்தையும் கொடுத்து அடிக்கலாம், ஹூக் ஆகிவிடுமோ என்ற பயம் இல்லை. பந்தைத் தொடும் நேரத்தில் அதே இடது மணிக்கட்டு இலக்கின் பக்கமாக வளைந்து வந்துவிடும். 1955 ஆகஸ்டில் லைஃப் இதழில் இந்த ரகசியத்தை வெளியிட்டார்.

அது ஹோகனின் நோய்க்கு ஹோகன் கண்டுபிடித்த மருந்து. அசாதாரண வேகத்தில் உடலையும் முன்கையையும் திருப்புகிறவருக்கு உண்டான மருந்து. என்னைப் போல் ஸ்லைஸ் அடிக்கிறவர்கள் அந்தப் பிடியை எடுத்துக்கொண்டால் பந்து பக்கத்துக் குழிக்கான புல்தடத்துக்கு, அதாவது அடுத்த ஃபேர்வேக்குத்தான் போகும். கிரிக்கெட்டிலிருந்து வந்த நான், ஹோகனின் பிடியையும் ஹோகனின் குழிவையும் தெரியாமலேயே வைத்திருந்தேன். அவருடைய திருப்பம் மட்டும் என்னிடம் இல்லை.

ராமின் படத்தை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். அவருடைய இடது கைப் பிடி ஹோகனைப் போல இலக்கின் பக்கம் திரும்பியது. அதனால் முகம் திறக்கப் பார்க்கிறது, அதை மூட மணிக்கட்டை வில்லாக வளைக்கிறார். ஒன்றுக்கு ஒன்று ஈடு. அவருடைய வீச்சு மிகச் சிறியது. வலது காலில் பிறவிக் குறைபாடு இருப்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணுக்காலுக்கு ஏற்ற வீச்சு அது. அவர் 2021ல் யு.எஸ். ஓபனையும் 2023ல் மாஸ்டர்ஸையும் வென்றது அந்த ஜோடிப் பொருத்தத்தோடுதான். மறு கரையில் பால் ஏசிங்கரும் டேவிட் டுவாலும். இருவருடைய இடது கையும் வலப்பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கும், மூன்று முட்டிக்கு மேல் தெரியும். அப்படிப் பிடித்துவிட்டு மணிக்கட்டை உருட்டினால் பந்து காட்டுக்குள் போய்விடும். ஆகவே அவர்கள் மணிக்கட்டை உருட்டாமல் இடுப்பையும் மார்பையும் வேகமாகத் திருப்பி அடித்தார்கள். ஏசிங்கர் 1993ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும், டுவால் 2001ல் பிரிட்டிஷ் ஓபனையும் எடுத்தார்கள். டஸ்டின் ஜான்சன் இன்னும் ஒரு படி மேலே. பிடியும் மூடும் பக்கம், மணிக்கட்டும் மூடும் பக்கம். அதைத் தாங்கும் அளவுக்கு உடல் திரும்ப வேண்டும். அந்த உடல் அவருக்கு இருக்கிறது, 2020ல் மாஸ்டர்ஸை 20 அண்டர், அதாவது நிர்ணயித்த அடிகளைவிட 20 குறைவு என்ற கணக்கில் வென்றார். 50 வயதில் நான் அவருடைய மணிக்கட்டை மட்டும் தனியாகக் கழற்றி என் கையில் மாட்டப் பார்த்ததுதான் என் வலியின் வரலாறு.

இன்னொன்றையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கோல்ஃப் பிடி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, வலது சுண்டுவிரலை என்ன செய்வது என்று. இடது கை விரல்களின் மேல் படுக்கவைக்கலாம். அது வார்டன் பிடி. பிரிட்டிஷ் ஓபனை 6 முறை வென்ற ஹாரி வார்டனால் பரவியதால் அந்தப் பெயர், அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தின் ஜானி லெய்ட்லே அப்படிப் பிடித்திருக்கிறார். இடது ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்ளலாம்; ஜாக் நிக்லாஸும் டைகர் உட்ஸும் அப்படித்தான். பத்து விரல்களையும் தனித்தனியே வைக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைப் பற்றி மணிக்கணக்கில் விவாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், மணிக்கட்டின் நிலைக்கும் இந்தச் சுண்டுவிரலுக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. கைப்பிடி விரலில் கிடக்கிறதா உள்ளங்கையில் கிடக்கிறதா, கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, இந்த இரண்டும்தான் உயிர். கோக்கும்போது மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: விரல்களை அடிவரை ஆழமாகக் கோத்தால் மட்டை மெல்ல உள்ளங்கைக்குள் வழுக்கிப் போய்விடும்.

வலது கையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், கும்பிடுவதுபோல். கும்பிட்ட கைகளை அப்படியே சற்றுச் சாய்த்தால் என்ன ஆகுமோ அதுவே பிடி. இடது கை ஒரு பக்கமும் வலது கை இன்னொரு பக்கமும் திரும்பியிருந்தால், இரண்டு மணிக்கட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உச்சியில் வலது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கியிருக்கும், காபி டபராக்கள் அடுக்கிய தட்டை ஓட்டல் பணியாளர் தோளுயரத்தில் ஏந்துவதுபோல். அந்த மடிப்பு பந்தைத் தொடும்வரை கலையாமல் இருந்தால் இடது மணிக்கட்டும் குலையாது.

புதிய பிடி முதல் மூன்று வாரம் அந்நியமாக இருந்தது. கையில் வேறொருவருடைய மோதிரத்தைப் போட்டதுபோல் ஒரு கூச்சம். முதல் நாள் ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், 60 பந்துகளில் பாதிக்கு மேல் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் போய்விடக்கூடாதே என்று மூன்று வருடமாகத் தேங்கிய பயத்தில், கீழே வரும்போது கைகளைப் பலவந்தமாக உருட்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் ஏற்கெனவே சரியாக இருக்கும்போது அந்த உருட்டல் மிகை. அண்ணன் பின்னால் நின்று, "சார், கை தன் வேலையைச் செய்யும். நீங்கள் தொப்புளைத் திருப்புங்கள்" என்றார். அது போதுமானதாக இருந்தது. நான்காவது வாரம் ஒரு 7-அயர்ன் அடி. பந்து சற்று வலப்பக்கம் கிளம்பி, உயர்ந்து, மெல்ல இடப்பக்கம் சாய்ந்து கொடியை நோக்கி இறங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக என் பந்து அந்தப் பக்கம் வளைவதைப் பார்த்தேன். கையில் அதிர்வே இல்லை.

வலி போக நான்கு மாதம் ஆயிற்று. வலி உள்ளவர்கள் பிடியை மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் பயிற்சிகள் கொடுத்தார்கள், ரேஞ்சின் கடினமான பாயில் அடிப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார்கள்.

பிடியைச் சரிபார்க்க எனக்கு ஒரு சிறிய வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இடது கையைத் தொங்கவிடுவேன். முட்டிகளைப் பார்ப்பேன். மட்டையைக் கைக்குக் கொண்டுவருவேன். மூடியபின் ஆள்காட்டி விரலையும் உள்ளங்கை மேட்டையும் மட்டும் வைத்து மற்ற விரல்களை எடுத்துப் பார்ப்பேன். மட்டை அந்த இரண்டு இடத்தில் மட்டும் நின்றால் பிடி சரி. கீழே விழுந்தால் உள்ளங்கைக்குள் போய்விட்டது என்று பொருள். களைத்துப்போகும் 14ஆவது, 15ஆவது குழிகளில் கை பழைய கிரிக்கெட் பிடிக்கு ஊர்ந்து போகப் பார்க்கும். 40 வருடப் பழக்கம்.

போன வாரம் குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்வெளியான கிரீனில் நின்று ஐந்தடித் தூரத்தை மூன்றாவது முறையாகத் தவறவிட்டபோது அண்ணனிடம் பட்டரை, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையை, கொடுத்து, இதற்கும் பிடிதான் காரணமா என்று கேட்டேன். அவர் அதை வாங்கி, என் இடது உள்ளங்கையை விரித்து, கைப்பிடியை ஆயுள்ரேகையின் மேல் நீளவாக்கில் படுக்கவைத்தார். உள்ளங்கை மேட்டுக்கும் கட்டைவிரல் மேட்டுக்கும் நடுவே, சதைக்குள் ஆழமாக. பெரிய மட்டைகளில் எதைச் செய்யக்கூடாது என்றாரோ அதே இடம். மணிக்கட்டு உடனே பூட்டிக்கொண்டது. தூக்கிப் பார்த்தேன், எழவில்லை.

"இதில் மணிக்கட்டு அசையக்கூடாது சார். அதனால் இங்கே."

அன்று மீதி நேரம் முழுவதும் கிரீனிலேயே இருந்தோம். மணிக்கட்டு பூட்டியபடி தோளால் மட்டும் தள்ளப் பழக வேண்டும். இப்போதைக்கு மூன்றடியிலிருந்து பத்துக்கு ஏழு விழுகிறது.